விசிறி இல்லாத ரெகுலேட்டர்

கடையில் உள்ள இரண்டு மேசைகளில் உன்னுடையதை ஜன்னல் பக்கமாக ஒரு முழம் நகர்த்துவது என்று சென்ற வாரம் முடிவாயிற்று. அவசரத்தில் எடுத்த முடிவு அல்ல. பல மாதங்களாகப் பரிசீலனையில் இருந்தது. இரு தரப்பு வாதங்களும் பொறுமையாகக் கேட்கப்பட்டன. இரண்டையும் நானே முன்வைக்க வேண்டியிருந்தது, நீ போன பிறகு கடையில் எதிர்த்தரப்பு கிடையாது. நண்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன்பாக விஷயம் வாக்கெடுப்புக்கு வந்தது. சுவரில் இருந்த பல்லி வாக்களிப்பில் கலந்துகொள்ளவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மேசையின் பின்கால் இருந்த இடத்தில், தூசிக்கும் உரித்த வயர்த் தோலுக்கும் நடுவே, ஒரு கறுப்புக் குமிழ் கிடந்தது. முகத்தில் ஒரு வெள்ளைக் கோடு. எடுத்துத் துடைத்தேன். மோந்தும் பார்த்தேன். குளோரின் மணம் அடித்தது என்று எழுதினால் மடலுக்கு நன்றாக இருக்கும். தூசி மணம்தான் அடித்தது, மச்சான். ஆனால் அது எந்த வீட்டுச் சுவரில் இருக்க வேண்டிய குமிழ், ஏன் அங்கே இல்லாமல் உன் மேசைக்கு அடியில் இருக்கிறது என்பது உடனே நினைவுக்கு வந்துவிட்டது. அதைக் கழற்றியவன் நீ. நடந்ததை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். நீ இல்லாத காலத்தில் நடந்த பகுதி உனக்குத் தெரியாது.

மருதமுனையில், கடலுக்கு ஒரு தெரு இந்தப் பக்கம், அக்கா முறையில் நாம் ராத்தா என்று கூப்பிடுகிறவரின் வளவில் நீச்சல் குளம் கட்டுகிறார்கள் என்ற செய்தி வந்தபோது கல்முனை பஸாரே அதை இரண்டு நாள் கதைத்தது. நம் பக்கத்தில் குளம் என்றால் வயலுக்குத் தண்ணீர் கொடுப்பது. கடைக்கு மோட்டார் திருத்த வந்த வயல்காரர் ஒருவர் மிகவும் கவனமாக விசாரித்தார்.

“மெய்யா தம்பி, எத்தன ஏக்கருக்குப் பாயும்?”

“ஒரு முழங்காலுக்குப் பாயும் காக்கா” என்றாய் நீ, அண்ணன் முறை வைத்து.

அது உண்மை. அந்தக் குளம் ஒரு முழங்காலுக்காகக் கட்டப்பட்டது. ராத்தாவுக்கு இரண்டு வருடமாகக் கால் மடங்கவில்லை. கதிரையில் இருந்துதான் தொழுதார். நெற்றி நிலத்தில் பட சுஜூது செய்ய முடியவில்லை என்பதுதான் அவருடைய ஒரே முறைப்பாடு. வலியைப் பற்றி அவர் முறையிட்டதில்லை. நெஞ்சளவுத் தண்ணீரில் தினமும் நடந்தால் கால் மடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் கடல் ஒருமுறை தெருவுக்குள் வந்துபோன பிறகு ராத்தா கரைப்பக்கம் போவதில்லை. அந்த வருகைக்குப் பதில் வருகை செய்ய அவர் விரும்பவில்லை.

குளத்தைக் கட்டியவர் அவருடைய கணவர். கத்தாரில் இருந்தார். அங்கே ஒரு பெரிய கட்டடத்தில் மின்தூக்கி, குளிரூட்டி, விளக்கு எல்லாவற்றையும் ஓர் அறைக்குள் இருந்தபடி திரையில் பார்த்துக் கட்டுப்படுத்துவது அவர் வேலை. மனிதர் நல்லவர். மனைவி தண்ணீரில் வழுக்கி விழுந்துவிடுவாளோ என்று பயந்தார். பயத்துக்கு அவர் அறிந்த மருந்து ஒன்றுதான், ஒரு திரை. ஆகவே குளத்துக்கு வேண்டிய பம்ப், வடிகட்டி, உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் கருவி, விளக்குகள், தண்ணீரில் அசைவு தெரிந்தால் உடனே கைபேசிக்கு அறிவிக்கும் சென்சர், இத்தனையையும் தானாக இயக்குகிற ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பொதி செய்து அனுப்பினார். பூட்டும் வேலை நமக்கு வந்தது.

நாம் இருவரும் ஒரே தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, ஒரே கடையைத் திறந்து, வேலையைப் பிரித்துக்கொண்டவர்கள். நீ வயரை இணைப்பாய். நான் வாடிக்கையாளரைச் சமாளிப்பேன். யாருடைய வேலையில் ஷொக் அடிக்கும் ஆபத்து அதிகம் என்பதில் கடைசிவரை நமக்குள் உடன்பாடு வரவில்லை.

பெட்டியோடு ஒரு கையேடு வந்தது. பல மொழிகளில் இருந்தது, தமிழில் இல்லை. நீ எந்த மொழிக்கும் பாகுபாடு காட்டாமல் ஒன்றையும் வாசிக்கவில்லை. கதவைத் திறந்து, உள்ளே இருந்த கொன்டாக்டர்களையும் ரிலேக்களையும் வெகுநேரம் பார்த்தாய். புதுமணப் பெண்ணைப் பார்க்க வந்த மாமிமார் பார்ப்பதுபோல் பார்த்தாய். பிறகு வேலையைத் தொடங்கினாய்.

வயர்களை ஒன்றாகக் கட்ட நீ பிளாஸ்டிக் பட்டி பாவிக்கவில்லை. குளோரின் காற்றில் அது வெடித்துவிடும் என்றாய். அடுத்த தெருவில் நெய்கிறவர்களிடம் இடுப்பில் கட்டும் சாரத்துக்கு மிஞ்சிய நூல்துண்டுகளை வாங்கிவந்து முடிச்சுப் போட்டாய். கட்டுப்பாட்டுப் பெட்டியின் உள்பக்கம் ஒரு பெருநாள் சாரத்தின் கரைபோல இருந்தது. வயருக்கு மாட்டும் இலக்கக் குழாய்கள் பாதியில் முடிந்துபோயின. கொழும்பிலிருந்து வரவழைக்க நாளாகும். நீ காத்திருக்கவில்லை. வெள்ளைப் பட்டியில் எழுதி ஒட்டினாய்.

அன்று மாலை ராத்தாவின் கணவர், நமக்குக் கத்தார் காக்கா, வீடியோ அழைப்பில் வேலையைப் பரிசோதித்தார். நான் போனைப் பெட்டிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“கொஞ்சம் கிட்டக் காட்டுங்க. அதென்ன, ‘மாமி’ எண்டு எழுதியிரிக்கி?”

“பெரிய பம்ப், காக்கா” என்றாய். “நாள் முழுக்கச் சத்தம் போடும். ஆனா அது இல்லாட்டி ஊட்டுல ஒரு வேலயும் நடக்கா.”

“‘வெளிநாட்டு மச்சான்’?”

“தண்ணி சுடவைக்கிற ஹீட்டர். கரண்ட் கூட இழுக்கும். இஞ்ச அதால வேல ஒண்டுமில்ல.”

நான் ஊர் வெயிலைப் பற்றி ஏதோ சொல்லப் பார்த்தேன். அவர் என்னை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

“‘மருமகன்’ எது?”

“நியூட்ரல். எல்லாரோடயும் தொடுப்பு இரிக்கும், ஒருத்தரோடயும் சண்டைக்கிப் போகா.”

அவர் சிரித்துவிட்டார். நம் கரையில் வீடு பெண்ணுக்குரியது. தகப்பன் கட்டி மகள் பெயருக்கு எழுதுவது. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து குடியேறுகிறவன். அதனால் அந்த விளக்கத்தின் நியாயம் அவருக்கு உடனே விளங்கியது. மண்ணுக்குப் போகும் பச்சை வயருக்கு மட்டும் நீ உறவுப் பெயர் வைக்கவில்லை. “கபுறு” என்று எழுதியிருந்தாய், புதைகுழி. அதை அவர் கேட்கவில்லை.

அந்தப் பச்சை வயரில்தான் நீ அதிக நேரம் செலவழித்தாய். ஏணி, பம்ப், விளக்குச் சட்டம், கொங்கிரீட்டுக்குள் இருந்து வெளியே விட்டிருந்த கம்பி, எல்லாவற்றையும் செம்பால் ஒன்றோடொன்று பிணைத்தாய். மணல் வளவில் எர்த் கம்பியை ஈர மண் கிடைக்கும்வரை இறக்கினாய். காக்கா அவசரப்பட்டார். குளத்தின் நீல விளக்கைக் கூட்டாளிகளுக்குக் காட்ட வேண்டியிருந்தது. “படம் காட்டுறதுக்கு எர்த் தேவயில்ல காக்கா. ஆள் இறங்கிறதுக்குத் தேவ” என்றாய். அவர் மேலும் அவசரப்படவில்லை.

ஹீட்டரைப் பற்றி நாம் ஒரு முறை ஆட்சேபித்தோம். மருதமுனையில் சித்திரை மாதத்தில் தண்ணீரைச் சுடவைக்கும் அவசியம் குறித்து நான் மரியாதையாக ஒரு கேள்வி எழுப்பினேன். பெட்டியில் அதற்கென்று இடம் விட்டிருக்கிறார்கள், இடத்தை வீணாக்கக் கூடாது என்று பதில் வந்தது. ஹீட்டர் இணைக்கப்பட்டது. இன்றுவரை அது ஒரு வாளித் தண்ணீரையும் சூடாக்கவில்லை.

எல்லாம் ஓடத் தொடங்கியது. பம்ப் நேரத்துக்கு ஓடியது, நேரத்துக்கு நின்றது. விளக்கு பொழுது சாய மஃரிபுக்கு எரிந்தது. மதிலை உயர்த்தி, மேலே பச்சை வலை கட்டி, ராத்தா பின்நேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு தண்ணீரில் இறங்கினார். அடுத்த மாதம் நாம் வடிகட்டியைப் பார்க்கப் போனபோது குளத்தில் தண்ணீர் அப்படியே ஆடாமல் கிடந்தது. படியில் வேப்பஞ்சருகு சேர்ந்திருந்தது. ராத்தா கதிரையில் இருந்தார்.

“என்ன ராத்தா, நடக்கிற இல்லயா?” என்று கேட்டாய்.

“எங்க தம்பி நடக்கிற? நான் தண்ணிக்குள்ள காலை வச்சா கத்தாருல அவர்ர பொக்கட் துள்ளுது.”

“சென்சர் வேல செய்யிது” என்றேன் நான், நிறுவனத்தின் சார்பில்.

“ஓம், நல்லா வேல செய்யிது. மறுகா போன் வரும். ‘ஆரு குளத்துல?’ ‘நான்தான்.’ ‘தனியாவா?’ ‘இல்ல, முழங்காலோட.’ ‘மெதுவா நட.’ மெதுவா நடப்பன். திரும்ப போன். ‘ஏன் அசைவு நிண்டிட்டு?’ போனைத் தூக்கினா நடக்கேலா, நடந்தா போனைத் தூக்கேலா. தூக்காட்டி என்ட தங்கச்சிக்குப் போன் அடிப்பார். அவ ஓடி வருவா. அவட மாப்பிள்ள மதிலுக்கு அங்கால நிண்டு ‘மச்சி சுகமா?’ எண்டு கத்துவார். உடுப்பு நனைஞ்சி நிக்கிற பொம்புள என்னெண்டு மறுமொழி சொல்லுற?”

“அவருக்கிட்டச் சொல்லலாமே ராத்தா” என்றேன்.

“சொன்னன். அடுத்த மாசம் கெமரா ஒண்டு அனுப்புறாராம்.”

தேநீர் கொண்டுவந்து வைத்தார். எழும்பும்போது மேசையைப் பிடித்துக்கொண்டார். கதிரையிலிருந்து மேசைக்கு அவர் நடந்த விதத்தை நீ பார்த்துக்கொண்டிருந்தாய். “கதிரயிலயே மௌத்தாகப் போறனாக்கும். பரவாயில்ல, நல்ல தேக்கு” என்றார் தன் சாவைப் பற்றி. நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் நான் மோட்டார் சைக்கிளை ஓட்டினேன். பாண்டிருப்புச் சந்தியில் ஒரு மாட்டுக் கூட்டத்துக்காக நிறுத்தினோம். அப்போது பின்னாலிருந்து என் தோளில் தட்டினாய்.

“மச்சான், அந்தப் பெட்டியில ஒரு குறை.”

“என்ன குறை? எல்லாம் தானா ஓடுது.”

“அதுதான் குறை. தானா ஓடுற எதுக்கும் கைப்பக்கம் ஒண்டு இரிக்கணும்.”

மாடுகள் போய் முடிந்தன. நான் வண்டியை எடுத்தேன். நீ அதற்கு மேல் விளக்கவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை. நம் தொழிலில் இது பழைய விஷயம். மோட்டார்ப் பெட்டியின் முகத்தில் மூன்று நிலைச் சுவிச் ஒன்று இருக்கும். இடப்பக்கம் திருப்பினால் கை, நடுவில் நிறுத்தம், வலப்பக்கம் தானியங்கி. கைப்பக்கத்தில் மனிதன் சொன்னபடி ஓடும். தானியங்கிப் பக்கத்தில் மெஷினுக்குத் தோன்றியபடி ஓடும். காக்கா அனுப்பிய பெட்டியில் அந்தச் சுவிச் கிடையாது. மனிதக் கைகள் காலாவதியாகிவிட்டன என்ற நம்பிக்கையில் அதைச் செய்திருந்தார்கள்.

மறுவாரம் நீ ஒரு மூன்று நிலைச் சுவிச்சோடு வந்தாய். எங்கே பூட்டுவது என்பதில்தான் உன் மூளை முழுவதும் வேலை செய்தது. குளக்கரையில் வைத்தால் காக்காவின் வருங்காலக் கெமராவில் தெரியும். வரவேற்பறையில் வைத்தால் வீடியோ அழைப்பில் தெரியும். நீ வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, சமையலறைச் சுவரைத் தேர்ந்தெடுத்தாய். அம்மி மெஷினின் பிளக்குக்கு மேலே.

“இஞ்சயும் வீடியோவுல வருமே தம்பி” என்றார் ராத்தா. “என்ன கறி எண்டு கேட்டு சட்டியைக் காட்டச் சொல்லுவார்.”

“வரட்டும்” என்றாய். சுவிச்சின் கறுப்புக் குமிழைக் கழற்றி உன் சட்டைப் பைக்குள் போட்டாய். அதற்குப் பதிலாக, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டரின் வெள்ளைக் குமிழையும் முகத்தட்டையும் பொருத்தினாய். ஒன்றிலிருந்து ஐந்துவரை இலக்கம் போட்டது. இரண்டையும் நான்கையும் அது தாண்டிப் பாயும். அதைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியாது.

“ஒண்டுல வச்சா நீங்க, ராத்தா. அஞ்சுல வச்சா காக்கா.”

“மூண்டு?”

“மூண்டுல ஆருமில்ல. எல்லாம் நிக்கும்.”

“ஒண்டுல வச்சா அவருக்கு என்ன தெரியும்?”

“ஒண்டும் தெரியா. பெட்டியின்ட மூளைக்குக் கரண்ட் போகா. பம்ப் மட்டும் நேரா ஓடும். போன்ல ‘தொடர்பு இல்லை’ எண்டு காட்டும்.” பிறகு, அவர் கேட்காமலே சொன்னாய்: “கரண்ட் கசிஞ்சா வெட்டுற ட்ரிப் சுவிச் எந்தப் பக்கம் வச்சாலும் வேல செய்யும். அதுல ஒருத்தருக்கும் விட்டுக்குடுக்க மாட்டன்.”

அவர் தண்ணீரில் தனியாக இருக்கப் போகிறார் என்பதை நீ மறக்கவில்லை. குளத்தின் ஓரத்தில், நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று எட்டக்கூடிய உயரத்தில், ஒரு கயிறு தொங்கவிட்டாய். இழுத்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் தங்கச்சியின் வீட்டில் மணி அடிக்கும். தகப்பன் இரண்டு மகள்மாருக்கும் பக்கத்தில் பக்கத்தில் வீடு கட்டிக் கொடுத்ததன் பயனை அந்தக் கயிறு முழுமையாக அடைந்தது. “இழுத்தா நீ மட்டும் வா. உன்ட மாப்பிள்ளைய வாசல்ல கட்டி வச்சிட்டு வா” என்று ராத்தா மதிலுக்கு மேலாகத் தங்கச்சிக்கு அறிவித்தார்.

ஓர் உண்மையைப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சமையலறையில் மின்விசிறி கிடையாது. முகட்டில் ஒரு கொக்கிகூடக் கிடையாது. நான் அதை உன்னிடம் சுட்டிக்காட்டினேன்.

“காக்கா அண்ணாந்து பாத்தா?”

“ஆம்புள சமையலறையில அண்ணாந்து பாக்க மாட்டான் மச்சான். சட்டியத்தான் பாப்பான்.”

நீ சொன்னது சரியாக இருந்தது. கத்தாரிலிருந்து அந்தச் சமையலறை வாரத்துக்குப் பலமுறை பார்க்கப்பட்டது. மீன் ஆணமும் பார்க்கப்பட்டது, புட்டும் பார்க்கப்பட்டது. ரெகுலேட்டர் எல்லாப் படத்திலும் இருந்தது. மின்விசிறி ஒன்றிலும் இல்லை.

ஆனால் அஸருக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தொடர்பு அறுந்துபோவதை அவர் கவனித்தார். உனக்கு அழைத்தார். நீ போனை என் கையில் தந்துவிட்டு, இல்லாத ஒரு திருகாணியைத் தேடத் தொடங்கினாய்.

“தம்பி, நாலு மணி தாண்டினா ஏன் ஒவ்வொரு நாளும் லைன் விழுது?”

“அந்த நேரத்துல இஞ்ச பாவிப்புக் கூட, காக்கா” என்றேன்.

“ஊர் நெட்டு அப்படியா?”

“ஊர் எப்படியெண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

ஒரு பொய்யும் சொல்லப்படவில்லை. நீ அதை மெச்சினாய். “உன்ட வயரிங்கும் பரவாயில்ல” என்றாய். கெமரா வந்தபோதும் அதே மூளையோடு அதை இணைத்தோம். அதுவும் அஸருக்குப் பிறகு தூங்கியது.

ராத்தா நடந்தார். அதைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீரில் ஒரு பெண் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடப்பது பார்க்கத்தக்க காட்சியும் அல்ல, யாரும் பார்க்கவும் இல்லை. அதுதானே விஷயம். நாம் அறிந்ததெல்லாம், வடிகட்டி பார்க்கப் போகிற ஒவ்வொரு முறையும் அவர் தேநீரை வேறு விதமாகக் கொண்டுவந்தார் என்பதுதான். முதலில் மேசையைப் பிடித்துக்கொண்டு. பிறகு பிடிக்காமல். பிறகு ஒரு தட்டில் வட்டிலப்பமும் சேர்த்து. நோன்பு பிடிக்கத் தொடங்கிய நாட்களில் ஒருமுறை போனோம். தொழுகை அறையில் இருந்த தேக்குக் கதிரை வெளியே விறாந்தையில் கிடந்தது. அதில் ஒரு கூடை வெங்காயம் இருந்தது. நீ அந்த வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாய்.

பெருநாளுக்குப் பிறகு நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தாய்.

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் வைத்திருந்தார்கள். பச்சைக் கோடு ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இடைக்கிடை தானாகவே உன் கையைப் பட்டியால் இறுக்கி அளந்து, தானாகவே விட்டது. உன் மனைவி வெளியே தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். நான் ஓதிக்கொண்டிருந்தேன், அல்லது ஓதுகிறவனைப்போல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன். நீ மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“மச்சான்.”

“என்ன?”

“இதுக்குக் கைப்பக்கம் இரிக்கா எண்டு பாரு.”

எழும்பிப் பார்த்தேன். முன்பக்கம் பார்த்தேன். குனிந்து பின்பக்கமும் பார்த்தேன். ஒரு தாதி வந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

“இல்ல” என்று உன்னிடம் சொன்னேன்.

“அப்ப நம்பேலா” என்றாய்.

நம்பக்கூடியதாக இருக்கவில்லை. உன் ஜனாஸா அடக்கம் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்கு வந்தவர்கள் அப்படியே நின்றதால் கூட்டம் பெரிது. அது உனக்காக வந்த கூட்டம் அல்ல என்று நீ திருத்தியிருப்பாய். ராத்தா உன் வீட்டுக்கு வந்து உன் மனைவியோடு நிலத்தில் பாயில் இருந்தார். யாரோ கதிரை கொண்டுவந்து போட்டார்கள். வேண்டாம் என்றார்.

இனி உனக்குத் தெரியாத பகுதி.

இவ்வருடம் கத்தார் காக்கா வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். மருதமுனை வெயில் அவருக்குப் புதிதாக இருந்தது. குளிரூட்டிய அறைக்குள் வாழ்ந்த மனிதர். வந்த சில நாட்களில், ஒரு பின்நேரம், ராத்தா குளத்தில் நடந்துகொண்டிருக்க, இவர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போயிருக்கிறார். வேர்த்துக் கொட்டியிருக்கிறது. சுவரில் ரெகுலேட்டர். ஒன்றில் இருந்தது. காற்றுக் காணாது என்று ஐந்துக்குத் திருப்பியிருக்கிறார்.

காற்று வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய பொக்கட் துள்ளியது. எடுத்துப் பார்த்தார். நீச்சல் குளத்தில் அசைவு கண்டறியப்பட்டதாகக் கைபேசி அறிவித்தது. அப்போதுதான் அவர் அண்ணாந்து பார்த்தார்.

எனக்கு அழைப்பு வந்தது.

“தம்பி, ஒருக்கா வந்திட்டுப் போங்க. ஊட்டுல ஒரு ஃபேன் காணாமப் போயிரிக்கி.”

போனேன். அவர் சமையலறையில், குமிழுக்கு முன்னால், போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“இது என்ன?”

“ரெகுலேட்டர் மாதிரி இரிக்கி காக்கா.”

“மாதிரி!” என்றார். “ஃபேன் எங்க?”

“ஃபேன் ஒருநாளும் இருக்கல்ல.”

“இத்தன காலமா வீடியோவுல பாத்திரிக்கன். ஃபேன் இல்லண்டு ஒருத்தரும் சொல்லல்லயே!”

“நீங்க கறியத்தானே கேட்டீங்க” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ராத்தா தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு கதவடியில் நின்றார். உடுப்பு மாற்றியிருந்தார். துவாயின் நுனியிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டியது.

காக்கா குமிழைத் திருப்பிப் பார்த்தார். ஒன்று. போனில் குளம் மறைந்தது. ஐந்து. குளம் வந்தது. மனிதர் கெட்டிக்காரர், அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடத்து மாலைகளும் அவர் முகத்தில் ஒவ்வொன்றாகக் கணக்குத் தீர்வதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஆர்ர வேல இது?”

“மௌத்தாப்போன ஆள்ர வேல காக்கா.”

அவர் குமிழிலிருந்து கையை எடுத்தார். “அல்லாஹ் அவர்ர பிழையப் பொறுக்கட்டும்” என்றார்.

“பிழை எங்க இரிக்கி?” என்றார் ராத்தா. “முழங்கால் மடங்குது. கதிரயில வெங்காயம் இரிக்கி. போய்ப் பாருங்க.”

“நான் அங்க கிடந்து பயந்த பயம் உனக்குத் தெரியுமா?”

“தெரியும். அதனாலதான் உங்களுக்குச் சொல்லல்ல.”

காக்கா என் பக்கம் திரும்பினார். ஆண்கள் தோற்கும் இடத்தில் தொழில்நுட்பத்தின் பக்கம் திரும்புவது வழக்கம். “தம்பி, இந்தப் பெட்டியக் கழட்டுங்க. புதுசு ஒண்டு போடுவம். எல்லாம் போன்ல. செவருல ஒரு சுவிச்சும் வேணாம்.”

நிறுவனத்தின் சார்பில் நான் ஒரு பதிலைத் தயார் செய்தேன். இரு தரப்பையும் திருப்திப்படுத்தக்கூடிய, பொருளில்லாத, நல்ல பதில். அதைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை.

“ஊடு என்ட” என்றார் ராத்தா. “முழங்காலும் என்ட. சுவிச்சுல கை வைக்க வேணாம்.”

குரலை உயர்த்தவில்லை. ஆனால் நம் கரையில் இந்த வாக்கியத்தின் முதல் பகுதிக்கு மேன்முறையீடு கிடையாது. அவருடைய வாப்பா கட்டிக் கொடுத்த வீடு, அவர் பெயரில் எழுதிய உறுதிப் பத்திரம். கத்தாரில் எத்தனை மாடிகளை ஒருவன் திரையில் ஆண்டிருந்தாலும், இங்கே அவன் பெட்டியோடு வந்தவன். காக்கா அதை மறந்திருக்கவில்லை. தூரத்தில் இருந்ததால் நினைக்கத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

“உனக்குத் தண்ணிக்குள்ள ஏதும் நடந்தா?” என்றார். இப்போது அது வேறு குரல்.

“தங்கச்சிட ஊட்ட மணி இரிக்கி. நீங்களும் இப்ப இஞ்சதானே இரிக்கீங்க. கூப்பிட்டாக் கேக்கிற தூரத்துல இரிங்க. அது போதும்.”

அவர் போனைப் பார்த்தார். குமிழைப் பார்த்தார். பிறகு மறுபடியும் அண்ணாந்து, கொக்கியில்லாத முகட்டை நெடுநேரம் பார்த்தார். நெற்றி வேர்வையைப் புறங்கையால் வழித்தார்.

“அப்ப இஞ்ச ஒரு ஃபேன் பூட்டுங்க தம்பி” என்றார்.

உன் மேசை இப்போது ஜன்னல் பக்கம் நிற்கிறது. வெளிச்சம் நன்றாக விழுகிறது. வேலையில் உன் வழக்கங்கள் சிலவற்றை நான் தொடர்கிறேன். நியூட்ரலுக்கு மருமகன் என்று எழுதுகிறேன், காரைதீவில் ஒரு வாடிக்கையாளர் தன் மகளின் கணவனைக் கூட்டிவந்து அதைக் காட்டினார். சாரத்து நூலால் கட்டுகிறேன், உன் முடிச்சு வருவதில்லை. எந்தப் பெட்டியை யார் கொண்டுவந்து வைத்தாலும், கதவைத் திறந்ததும் முதலில் கேட்பது, இதுக்குக் கைப்பக்கம் எங்கே என்றுதான். சிலர் அதைப் பழங்காலத்து ஆளின் பிடிவாதம் என்று நினைக்கிறார்கள். நான் மறுப்பதில்லை. வங்கியின் தானியங்கிப் பணப்பொறிக்கு முன்னாலும், கொழும்பில் ஒரு மின்தூக்கிக்குள்ளும், என்னை அறியாமலே சுற்றிப் பார்த்திருக்கிறேன்.

சமையலறை மின்விசிறியைச் சனிக்கிழமை பூட்டினேன். பழைய ரெகுலேட்டருக்கு வலப்பக்கமாக, அதற்கென்று புதிதாக ஒன்று. காக்கா அதை ஐந்தில் வைத்திருக்கிறார். பழையது ஒன்றில் நிற்கிறது.